நிஷிமுரா கடையில் எள்ளும் தண்ணீரும்

ஒரகடம் கூட்டுரோட்டைத் தாண்டி, டயர் கடைக்கும் பெண்கள் விடுதிக்கும் நடுவில், நிஷிமுரா என்கிற ஜப்பான்காரர் பன்றிக்கறியை ரொட்டித்தூளில் புரட்டி எண்ணெயில் பொரித்துக் கொடுக்கிற கடையை நடத்திக்கொண்டிருந்த காலத்தில், செத்துப்போனவர்கள் அந்தக் கடைக்கு வந்து உட்கார்ந்துவிட்டுப் போவார்கள் என்பது சுற்றுவட்டாரத்தில் எல்லோருக்கும் தெரிந்த சங்கதியாக இருந்தது. தண்ணீர் லாரி எந்தக் கிழமை வரும் என்று தெரிந்து வைத்திருப்பது போலத்தான் அதையும் தெரிந்து வைத்திருந்தார்கள், அதற்கு மேல் பெரிதுபடுத்தவில்லை. அதைத் தொடங்கிவைத்தவள் பூங்காவனம். வேண்டுமென்று செய்யவில்லை, அசதியில் செய்தாள்.

பூங்காவனம் கார் சீட்டுக்கு உறை தைக்கிற கம்பெனியில் தையல் மெஷினில் உட்கார்ந்தவள். அவள் புருஷன் தணிகாசலம் அதே கம்பெனிக்கு வேன் ஓட்டியவன், ஊர் ஊராகப் போய் ஷிப்டுக்கு ஆளேற்றிக்கொண்டு வருவதும் ஷிப்டு முடிந்தவர்களைத் திரும்பக் கொண்டுபோய் இறக்குவதுமாக இருந்தவன், வேறு டிரைவர் வராத நாளில் அந்த ஆளுடைய டிரிப்பையும் சேர்த்து ஓட்டியவன், எவன் போன் பண்ணினாலும் முடியாது என்று சொல்லத் தெரியாதவன். கல்யாணமான நாளிலிருந்து அவனைத் தூக்கத்திலிருந்து எழுப்பிவிடுவதுதான் பூங்காவனத்தின் பெரிய வேலை. பேரைச் சொல்லிக் கூப்பிட்டால் எழமாட்டான், தோளை உலுக்கினாலும் எழமாட்டான், காலின் கட்டைவிரலைப் பிடித்து இழுத்தால்தான் எழுவான், எழுந்ததும் சொம்புத் தண்ணீரில் விரலை நனைத்து இரண்டு கண்ணிலும் ஒற்றிக்கொண்டு, ஒன்றுமில்லை என்பது போல ஒரு சிரிப்புச் சிரித்துவிட்டுச் சாவியை எடுத்துக்கொண்டு போவான். அப்படி ஒரு மழைநாளில் போனவன், ஆட்களையெல்லாம் பத்திரமாக இறக்கிவிட்டுக் காலி வேனோடு திரும்பும்போது கண் அசந்து, நின்றிருந்த கண்டெய்னர் லாரியின் பின்னால் கொண்டுபோய் விட்டான். கம்பெனி அவன் சாவுக்குப் பதிலாக அவளுக்கு ஒரு தையல் மெஷினில் வேலை கொடுத்தது. அன்றிலிருந்து அவன் ஓட்டிய அதே ரூட்டில் வேறு டிரைவர் வேன் ஓட்ட, அவள் ஏறிப் போய்வந்தாள்.

அந்தக் கம்பெனியில் வேலையைச் சுலபமாக்க யார் யோசனை சொன்னாலும் பரிசு உண்டு. பூங்காவனத்துக்கு யோசனை சொல்லுகிற எண்ணமெல்லாம் இல்லை, இடுப்பு வலிதான் இருந்தது. நூல்கண்டைக் கீழே வைக்காமல் இடுப்பு உயரத்தில் வைத்தால் குனிந்து குனிந்து சாகவேண்டாமே என்று சூப்பர்வைசரிடம் அலுத்துக்கொண்டாள். அவர் அதை மேலே சொல்ல, மேலே இருந்தவர்கள் கைதட்ட, நிஷிமுரா கடையில் இரண்டு பேருக்குச் சாப்பாடு என்று பரிசு வந்து சேர்ந்தது. இரண்டாவது ஆளுக்கு அவள் எங்கே போவாள். மகள் கவிப்பிரியா விழுப்புரத்தில் நர்ஸ் படிப்புக்கு ஹாஸ்டலில் இருந்தாள், கூட வேலைசெய்கிற பெண்களோ பன்றிக்கறி என்றதும் மூக்கைப் பொத்திக்கொண்டார்கள். இரண்டு ஷிப்டு சேர்ந்தாற்போல் பார்த்துவிட்டு, கண்ணெல்லாம் எரிய, அவள் தனியாகவே போய் இரண்டு பேர் மேசையில் உட்கார்ந்தாள்.

அந்தக் கடையில் ஒரு வழக்கம். கறி பொரிந்து வருகிற வரைக்கும் சும்மா இருக்க வேண்டாமென்று, உள்ளே வரிவரியாகக் கீறிய சின்ன மண்கிண்ணத்தில் வறுத்த எள்ளைப் போட்டு, விரலளவு மரக்குழவி ஒன்றோடு ஆளுக்கு ஒன்று வைத்துவிடுவார்கள். சாப்பிடுகிறவர் தானே அதை அரைத்து, குழம்பு மாதிரி இருக்கிற கறுப்புச் சாஸை அதில் ஊற்றி, கறித்துண்டைத் தோய்த்துச் சாப்பிட வேண்டும். இது ஜப்பான்காரர்களுக்குத் தெரியும், அவர்களோடு பழகிய இன்ஜினியர்களுக்குத் தெரியும், பூங்காவனத்துக்கு எப்படித் தெரியும். அவள் பார்த்ததெல்லாம் கிண்ணத்தில் எள், பக்கத்தில் கண்ணாடித் தம்ளரில் தண்ணீர், எதிரே ஆளில்லாத நாற்காலிக்கு முன்னால் ஒரு தட்டு. எள்ளையும் தண்ணீரையும் ஆளில்லாத தட்டையும் சேர்த்து வைத்தால் அதற்கு என்ன அர்த்தம் என்று நம் ஊரில் பிறந்த யாருக்கும் சொல்லித்தரத் தேவையில்லை. பரவாயில்லையே, கம்பெனிக்காரர்கள் நினைவு வைத்துச் செய்திருக்கிறார்களே என்று நினைத்துக்கொண்டாள். தணிகாசலத்துக்கு ஆண்பிள்ளை கிடையாது. அவன் தம்பி முதல் வருஷம் ஏரிக்கரையில் எள்ளும் தண்ணீரும் இறைத்ததோடு சரி, பிறகு மறந்துபோனான். பொம்பளை இறைக்கக்கூடாது என்று சொல்ல அங்கே யாரும் இல்லாததால், அவள் எள்ளை உள்ளங்கையில் கொட்டி, தம்ளர் தண்ணீரைக் கட்டைவிரல் ஓரமாக வழியவிட்டுக் கிண்ணத்திலேயே இறைத்தாள்.

தணிகாசலம் கடைக்கதவைத் தள்ளிக்கொண்டு உள்ளே வந்தான். காக்கிச் சட்டை, தோளில் துண்டு, கண் இரண்டும் கோவைப்பழமாகச் சிவந்திருந்தது. நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்து, சாப்பிட்டியா என்று கேட்டான். இன்னும் வரலை என்றாள். இரண்டு தட்டுச் சாப்பாடும் வந்தது. பரிமாறுகிற எபினேசர் கரண்டியைத் தட்டில் வைத்துவிட்டு, அவனைப் பார்த்துத் தண்ணி வைக்கட்டுமா அண்ணே என்று கேட்டுவிட்டுப் போனான், வேறொன்றும் கேட்கவில்லை.

சாப்பாடு நன்றாகத்தான் இருந்தது. மேலே மொறுமொறுவென்று, உள்ளே பஞ்சுபோல, பக்கத்தில் நூல்நூலாக அரிந்த முட்டைக்கோஸ் ஒரு குன்று. தணிகாசலம் கறியைத் தொடவில்லை, முட்டைக்கோஸை மட்டும் ஒவ்வொரு இழையாக எடுத்து மென்றான். அவள் ஓட்டுவீட்டு ஒழுகலிலிருந்து மகளின் பரீட்சை வரைக்கும் எல்லாவற்றையும் அவனிடம் கொட்டித்தீர்த்தாள். அவன் ம் கொட்டினான். அவள் தன் தட்டில் கடைசி வாயை எடுத்துப் போட்டுக்கொண்டு நிமிர்ந்தபோது நாற்காலி காலியாக இருந்தது.

ஒரே வாரத்தில் சேதி லைன் முழுக்கப் பரவியது. அதுவரை வாயைத் திறக்காத தொழிலாளிகளெல்லாம் பரிசுச் சாப்பாட்டுக்காக யோசனை மேல் யோசனையாகச் சொல்லத் தொடங்க, கம்பெனி வேலை எவ்வளவோ சுலபமாகிவிட்டது, மேலதிகாரிகளுக்கு மட்டும் காரணம் புரியவில்லை. பரிசு கிடைக்காதவர்கள் கைக்காசைப் போட்டு வந்தார்கள். அமாவாசை என்றால் கடை வாசலில் டயர் கடை வரைக்கும் வரிசை நின்றது. பன்றி ஆகாதவர்களுக்குக் கோழியும், கோழியும் ஆகாதவர்களுக்கு உருளைக்கிழங்கும் அதே ரொட்டித்தூளில் பொரிந்தன. பித்ருக்களுக்கு இறைக்கும் எள்ளையும் பன்றியையும் ஒரே மேசையில் வைப்பதா என்று சண்டைபோட வந்த புரோகிதர் ஒருவர், உட்கார்ந்து பேசுங்கள் என்று எபினேசர் சொன்னதால் உட்கார்ந்தார், உட்கார்ந்த கையோடு பழக்கதோஷத்தில் எள்ளில் தண்ணீரை விட்டார், அவருடைய அப்பா வந்து ஏண்டா இப்படி இளைச்சுப்போயிட்டே என்று கேட்டார். புரோகிதர் அதற்குப் பிறகு சண்டை போடவில்லை. உருளைக்கிழங்கை ஓரமான மேசையில், சுவரைப் பார்த்தபடி சாப்பிட்டுவிட்டுப் போவார்.

நிஷிமுராவுக்கும் இதில் ஆச்சரியம் ஒன்றும் இல்லை. அவர் அச்சுவார்க்கிற கம்பெனியில் வேலைபார்த்து ஓய்வுபெற்று, ஊருக்குத் திரும்ப அலுப்பாக இருந்ததால் இங்கேயே தங்கிவிட்டவர். அவர் ஊரிலும் வருஷத்துக்கு ஒருமுறை வெயில்காலத்தில் செத்தவர்கள் வீட்டுக்கு வருவார்களாம், இங்கே அடிக்கடி வருகிறார்கள், அவ்வளவுதானே என்றார். இரண்டு நாற்காலி கூடப் போட்டார். அவருக்கு இருந்த ஒரே கவலை முட்டைக்கோஸ். அவர் ஊரில் அந்த மாதிரிக் கடைகளில் சோறும் சூப்பும் முட்டைக்கோஸும் எத்தனை தடவை கேட்டாலும் இல்லையென்று சொல்லாமல் போட வேண்டும், அது தொழில் தர்மம். கூப்பிட்டவர் தட்டில் ஏதாவது இருக்கிற வரைக்கும்தான் வந்தவர் இருப்பார், அந்தத் தட்டு காலியானால் போய்விடுவார் என்பதைச் சனங்கள் கண்டுபிடித்துவிட்டார்கள். அப்புறம் சொல்ல வேண்டுமா. ஒரு தட்டுக் கறியை வைத்துக்கொண்டு மத்தியானம் முழுக்க முட்டைக்கோஸ் கேட்டுக்கொண்டே இருந்தார்கள். எபினேசர் மூட்டை மூட்டையாக அரிந்து மணிக்கட்டில் துணி சுற்றிக்கொண்டான். அவன் சர்ச்சுக்குப் போகிறவன், இந்த எள் சமாச்சாரத்துக்குள் தலையிடுவதில்லை என்று இருந்தான். ஒருநாள் ஈரக்கையோடு எள் டப்பாவைத் திறந்ததில் அவனுடைய அம்மாவே அடுக்களைக்குள் வந்து நின்று, இவ்வளவு தடியாவா அரிவே என்று கேட்டுவிட்டுப் போனாள்.

வந்தவர்களிடம் சனங்கள் எல்லாவற்றையும் கேட்டார்கள். விற்ற நிலத்தில் எல்லைக்கல் எங்கே இருந்தது, அந்த மாப்பிள்ளையைக் கட்டலாமா, அன்றைக்கு ஏன் அப்படி ஒரு வார்த்தை சொன்னே, என்மேல் கோபமா, இல்லையா. நிலத்தரகு பண்ணுகிற வேலாயுதம் தன் அப்பாவை வாரத்துக்கு மூன்று தடவை வரவழைத்து ஏரிப்புறம்போக்கு விவரம் விசாரித்தான். செத்தவர்கள் ஒன்றிரண்டு வார்த்தையில் பதில் சொல்லிவிட்டுக் கொட்டாவி விட்டார்கள். ஒரு மேசையில் விட்டால் அடுத்த மேசைக்கும் தொற்றிக்கொள்ளும், அங்கிருந்து உயிரோடு இருப்பவர்களுக்கும் வந்துவிடும், ஒரகடத்தில் அந்த வருஷம் எல்லாரும் கொட்டாவி விட்டபடியே வேலை செய்தார்கள். அது செத்தவர்களுடைய சுபாவம் போலிருக்கிறது என்று விட்டுவிட்டார்கள். செத்தவர்களுக்கு என்ன வேலை, எதற்கு அசதி என்று கேட்கிற அளவுக்கு யாருக்கும் தெம்பு இல்லை.

பூங்காவனம் ஒவ்வொரு வெள்ளிக்கிழமையும் இரண்டாம் ஷிப்டுக்கு முன்னால் வந்துவிடுவாள். இரண்டாம் ஷிப்டு வேன் கடை வாசலிலேயே அவளை ஏற்றிக்கொள்ளும். அந்த ஒரு மத்தியானத்துக்காகத்தான் மற்ற நாளெல்லாம் அவள் மெஷினை மிதித்தாள் என்றே சொல்லலாம். வீட்டில் பேச ஆளில்லை, மகளோடு போனில் பேசினால் சரிம்மா சரிம்மா என்று வைத்துவிடுகிறாள், உலகத்தில் தன் பேச்சைக் கேட்பதற்கென்று ஒரு ஆள் தணிகாசலம்தான். அவன் கண் சொக்கும்போதெல்லாம் அவள் மேசைக்கு அடியில் காலால் அவன் கட்டைவிரலை மிதிப்பாள். நிமிர்ந்து உட்காருவான். எபினேசரு, கொஞ்சம் கோசு போடுப்பா என்பாள்.

ஆடி மாசம் ஒரு வெள்ளிக்கிழமை அவள் எள்ளில் தண்ணீர் விட்டு வெகுநேரம் ஆகியும் அவன் வரவில்லை. இன்னொரு தடவை விட்டாள். சூப் ஆறிப்போனது. மூன்றாவது தடவை விட்ட பிறகு கதவு திறந்தது. சட்டைப் பொத்தான் ஒன்று மாறி ஒன்று போட்டிருந்தான், துண்டைக் காணோம், முகத்தில் ஒரு பக்கம் பாயின் கோரைத் தடம் பதிந்திருந்தது.

“இன்னாங்க இது, காலுல செருப்புகூட இல்லாம?”

“நீ வுடாம கூப்ட்ட. தேட நேரமில்ல.”

உட்கார்ந்தான். வழக்கம்போலச் சாப்பிட்டியா என்று கேட்கவில்லை.

“பூங்கா, ஒண்ணு சொன்னா கோச்சிக்க மாட்டியே.”

“சொல்லுங்க.”

“அங்க படுத்த ஒடனே தூக்கம் வந்துடறதில்ல. ஒடம்புக்குள்ள ஓட்ன வண்டியெல்லாம் ஒண்ணொண்ணா நிக்கணும். ரொம்ப நாள் ஆவுது. எல்லாம் நின்னு, கண்ணு அசர்ற நேரத்துல பாத்து எள்ளு வந்து மூஞ்சியில வுழுது. மறுபடியும் மொதல்ல இருந்து.”

அவளுக்குச் சுருக்கென்றது. அப்ப வராதீங்க, யாரு வெத்தலபாக்கு வச்சு அழைச்சா என்றாள்.

“கூப்ட்டா வராம இருக்க எனக்குத் தெரியாதே” என்றான் தணிகாசலம்.

கோபம் வந்தது பூங்காவனத்துக்கு. இத்தனை நாள் சேர்த்துவைத்த கோபம் எல்லாம் சேர்ந்து வந்தது. நான் மட்டும் தூங்குகிறேனா, ராத்திரி வந்து படுத்தால் மெஷின் சத்தம் காதுக்குள் ஓடிக்கொண்டே இருக்கிறதே, செத்தவனுக்குப் படுக்கவாவது இடம் இருக்கிறது, எனக்கு உட்கார்ந்து பேச இந்த ஒரு மேசையை விட்டால் எது இருக்கிறது என்று மனசுக்குள் குமுறினாள். வீம்புக்கு எபினேசரைக் கூப்பிட்டு முட்டைக்கோஸ் போடச் சொன்னாள், நிறையவே போடச் சொன்னாள், போட்டதும் கூரை ஓடு உடைந்த கதையைச் சொல்ல ஆரம்பித்தாள்.

தணிகாசலம் கேட்டான். கேட்டுக்கொண்டே, அவள் பார்க்காத மாதிரி, தம்ளர் தண்ணீரில் விரலை நனைத்து இரண்டு கண்ணிலும் ஒற்றிக்கொண்டான். ஒற்றிக்கொண்டு நிமிர்ந்து, ஒன்றுமில்லை என்பது போல அவளைப் பார்த்துச் சிரித்தான்.

அந்தச் சிரிப்பு அவளுக்குத் தெரியும். சூப்பர்வைசர் போனுக்கும், ராத்திரியில் கதவைத் தட்டுகிறவனுக்கும், வேலைக்கு வராமல் போன அந்த டிரைவர் இந்த டிரைவர் எல்லாருக்கும் பதிலாக அவன் கொடுத்துக்கொண்டிருந்த சிரிப்பு. அத்தனை வருஷமும் அவள் அதைப் பக்கத்தில் நின்று பார்த்தாள், பார்த்துப் பார்த்து வயிறெரிந்தாள், இவர்களெல்லாம் மனுஷங்களா என்று திட்டினாள். இன்றைக்கு அதை எதிரில் உட்கார்ந்து அவளே வாங்கிக்கொண்டாள். ஓட்டுக்கதை பாதியில் நின்றுவிட்டது.

“தலைய சாச்சிக்குங்க” என்றாள்.

“வண்டி?”

“எந்த வண்டியும் இல்ல.”

“நீ எழுப்பிடுவியே.”

“எழுப்ப மாட்டேன்.”

“நெசமா?”

“நெசமாத்தான். படுங்க.”

அவன் நம்பாமல் அவள் முகத்தையே பார்த்தான். பிறகு தட்டை நகர்த்திவிட்டு, கை இரண்டையும் மேசைமேல் மடித்துவைத்து, அதில் கன்னத்தைப் பதித்தான். பதித்த மாத்திரத்தில் தூங்கிவிட்டான்.

இப்படியே இருந்துவிடலாமே என்றுதான் முதலில் தோன்றியது அவளுக்கு. தட்டில் ஒரு துண்டை வைத்துக்கொண்டு அவன் தூங்குவதைப் பார்த்துக்கொண்டே சாயங்காலம் வரைக்கும் உட்கார்ந்திருக்கலாம், பேச்சுக்கூட வேண்டாம், அந்த உச்சிச் சுழியைப் பார்த்துக்கொண்டிருந்தால் போதும். ஆனால் உள்ளே எண்ணெய்ச் சட்டியில் புதிதாக ஒன்று விழுந்து சடசடத்தது, அவன் தோள் திடுக்கிட்டது. யாரோ தட்டை அடுக்கினார்கள், மறுபடியும் திடுக்கிட்டது. அடுத்த மேசையில் வேலாயுதம் அப்பாவிடம் புறம்போக்கு எத்தனை சென்ட் என்று உரக்கக் கேட்டான், தணிகாசலத்தின் கை தூக்கத்திலேயே சட்டைப்பையில் சாவியைத் தேடியது.

பூங்காவனம் சாப்பிடத் தொடங்கினாள். பசி இல்லை. முட்டைக்கோஸைக் கைப்பிடி கைப்பிடியாக எடுத்து, மாடு மெல்லுவது போல மென்று விழுங்கினாள். வீம்புக்குக் கேட்டது எவ்வளவு என்று அப்போதுதான் தெரிந்தது. சோற்றைச் சூப்பில் போட்டுக் குடித்தாள். எபினேசர் பாத்திரத்தோடு வந்து நின்றான். அவள் பந்தியில் இலையை மறைப்பது போலத் தட்டுக்கு மேலே கையை விரித்து, போதும்பா என்றாள்.

“கொஞ்சம் போட்டுக்கோங்கக்கா. அண்ணன் இருக்காரே.”

“அவரு தூங்கட்டும்.”

எபினேசர் அவனையும் பார்த்தான், அவளையும் பார்த்தான், பாத்திரத்தை எடுத்துக்கொண்டு சத்தம் வராமல் நடந்து போனான். பக்கத்து மேசைகளில் இருந்தவர்கள் பார்த்துக்கொண்டுதான் இருந்தார்கள். விடுதியில் தங்கியிருக்கிற ஒரு பெண், எதிரே தலையைத் தொங்கப்போட்டுக்கொண்டிருந்த தன் அம்மாவைக் கொஞ்ச நேரம் பார்த்துவிட்டு, தானும் தட்டின் மேல் கையை வைத்தாள். சுவரைப் பார்த்தபடி இருந்த புரோகிதர் தட்டிலிருந்த உருளைக்கிழங்கை அவசரமாக விழுங்கினார். வேலாயுதம் இன்னும் இரண்டு கரண்டி போடச் சொன்னான்.

கடைசியாக ஒரே ஒரு கறித்துண்டு இருந்தது. ஆறிப்போய், மேல்தோல் நமுத்துப்போன துண்டு. போய்வருகிறேன் என்று ஒரு வார்த்தை அவனிடம் வாங்க வேண்டுமானால் எழுப்பியாக வேண்டும். அவள் கால் மேசைக்கு அடியில் பழக்கத்தில் அவன் கட்டைவிரல் வரைக்கும் போனது, போன காலை இழுத்துக்கொண்டாள். துண்டை வாயில் போட்டாள். மெல்ல மெல்ல அது வளர்ந்துகொண்டே போனது போலிருந்தது. எவ்வளவு நேரம் மென்றாளோ, விழுங்கித்தானே ஆகவேண்டும், விழுங்கினாள்.

நாற்காலியைப் பார்க்கவில்லை. பார்க்க என்ன இருக்கிறது. அழுகை வரும் என்று எதிர்பார்த்தாள், அதுவும் வரவில்லை. உடம்பு மட்டும் மெதுவாகக் கனத்துக்கொண்டே வந்தது, முதலில் கால், பிறகு இடுப்பு, பிறகு கழுத்து, அவளுக்குள் ஓடிக்கொண்டிருந்த மெஷின்கள் ஒன்றன்பின் ஒன்றாக நிற்பது அவளுக்கே கேட்டது. கை இரண்டையும் மேசைமேல் மடித்துவைத்து அதில் கன்னத்தைப் பதித்தாள். சற்று நேரத்தில் லேசாகக் குறட்டை வந்தது.

இரண்டாம் ஷிப்டு வேன் வாசலில் வந்து நின்று ஹாரன் அடித்தது. எபினேசர் அவள் பக்கத்தில் வந்து அக்கா என்று வாயெடுத்தான். கல்லாவில் இருந்த நிஷிமுரா எழுந்து, புகை இழுக்கிற மின்விசிறியை நிறுத்தினார், அவனைப் பார்த்து வேண்டாம் என்று தலையை ஆட்டினார். வேன் இன்னொரு தடவை ஹாரன் அடித்தது. எபினேசர் கதவை மெதுவாகத் திறந்து வெளியே போய் டிரைவருக்குக் கையை அசைத்தான். டிரைவர் கண்ணாடி வழியே உள்ளே எட்டிப் பார்த்தான், கொஞ்ச நேரம் யோசித்தான், அப்புறம் கியரைப் போட்டான். ஹாரன் அடித்துக் கூப்பிட்டும் தணிகாசலம் வீட்டு ஆள் இல்லாமல் ஒரு கம்பெனி வண்டி கிளம்பிப் போனது அதுதான் முதல் தடவை.